பாமாயிலில் போட்ட ஆறு ஈடு

மதிப்பிற்குரிய ஐயா,

நாகர்கோவில் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து எழுதுகிறேன். இரண்டு வருடமாக வீட்டிலேயே சோப்பு போட்டு விற்கிறேன். போன வருடம், 2020-ல், கொரோனா ஊரடங்கை எப்படியோ சமாளித்துவிட்டேன். இந்த மே மாதம் முடியவில்லை. கூரியர்காரர்கள் எடுப்பதில்லை. கடைசியாக அனுப்பிய இரண்டு பார்சலும் வழியிலேயே கிடந்து திரும்பி வந்துவிட்டன. 60 சோப்பு தேங்கிக் கிடக்கிறது. பாதி விலைக்குத் தள்ளிவிடலாமா? இல்லை, சானிட்டைசருக்கு மாறிவிடலாமா? அதற்குத்தான் இப்போது கிராக்கி என்கிறார்கள்.

வழக்கமாக ஒரு ஈட்டுக்கு 300 கிராம் தேங்காய் எண்ணெய், 150 நல்லெண்ணெய், 50 விளக்கெண்ணெய், 77 காஸ்டிக் சோடா, 160 தண்ணீர். செக்கு மூடிவிட்டதால் தேங்காய் எண்ணெய்க்குப் பதில் வீட்டிலிருந்த ரேஷன் பாமாயிலை அதே அளவு விட்டு ஆறு ஈடு போட்டேன். நன்றாகவே வந்தது. முன்னைவிடச் சீக்கிரம் கெட்டியானது. வெட்டும்போது ஓரம் உதிர்ந்தது, மேலே லேசாக வெள்ளை பூத்திருக்கிறது, அவ்வளவுதான். தெருவில் 11 கட்டி விற்றேன். ஒரு அக்கா மட்டும் கை எரிகிறது என்றார்கள். சானிட்டைசர் போட்டுப் போட்டு அப்படி ஆகியிருக்கும்.

என்னுடையது நூறு சதவீதம் இயற்கைச் சோப்பு, கெமிக்கலே கிடையாது. ஆனாலும் கடைச் சோப்போடு போட்டி போட முடியவில்லை. ஒரு வழி சொல்லுங்கள்.

(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

*

அன்புள்ள அம்மா,

முதலில் அந்த 11 கட்டி வாங்கியவர்களுக்குப் போன் போடுங்கள். இதைப் படித்து முடிக்கும்வரை காத்திருக்க வேண்டாம். “அந்தச் சோப்பைத் தொடாதீர்கள், திருப்பித் தந்துவிடுங்கள், காசு கொடுத்துவிடுகிறேன்” என்று சொன்னால் போதும். கை எரிகிறது என்ற அக்காவுக்கு முதல் போன். அவர்கள் கையைச் சானிட்டைசர் கணக்கில் எழுதாதீர்கள். எரித்தது உங்கள் சோப்பு.

ஊரடங்கு வீட்டுத்தொழிலை என்ன செய்தது என்று சில வாரங்களாகவே யோசித்துக்கொண்டிருந்தேன். எல்லோரும் விற்பனை படுத்துவிட்டதைப் பற்றியே பேசுகிறார்கள். மூலப்பொருள் கிடைக்காமல் ‘இது இல்லையா, அதைப் போடு’ என்று கை போவதை யாரும் பேசுவதில்லை. முகக்கவசம் தைக்கிறவர் எலாஸ்டிக் கிடைக்காமல் நாடா வைத்துத் தைத்தால் ஒரு குற்றமும் இல்லை. சோப்பில் அப்படி முடியாது. நீங்களோ கூரியருக்கு ஒரு பத்தி ஒதுக்கிவிட்டு, எண்ணெய் மாற்றியதைப் போகிற போக்கில் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகிறீர்கள்.

எண்ணெய்க்கு எண்ணெய் பசி வேறு அம்மா. ஒரு கிலோ சின்ன வெங்காயத்தையும் ஒரு கிலோ பெரிய வெங்காயத்தையும் தராசில் வைத்தால் எடை ஒன்றுதான். எண்ணிப் பார்த்தால் சின்ன வெங்காயம் பல மடங்கு இருக்கும். தேங்காய் எண்ணெயில் இருக்கும் கொழுப்பு அமிலங்களில் பெரும்பாலானவை குட்டை. முக்கியமான லாரிக் அமிலத்துக்கு 12 கார்பன்தான். பாமாயிலில் இருப்பவை 16, 18 கார்பன் உள்ள நெட்டைகள். ஒவ்வொரு அமிலத்துக்கும், குட்டையோ நெட்டையோ, காஸ்டிக்கில் ஒரு பங்கு வேண்டும். அதனால் ஒரே எடையில் தேங்காய் எண்ணெய்தான் அதிகக் காஸ்டிக்கைச் சாப்பிடும். ஒரு கிராம் தேங்காய் எண்ணெய் சோப்பாக மாற 0.183 கிராம் காஸ்டிக் வேண்டும். பாமாயிலுக்கு 0.141 போதும். நல்லெண்ணெய் 0.134, விளக்கெண்ணெய் 0.128.

உங்கள் பழைய கணக்கைப் பாருங்கள். தேங்காய் எண்ணெய்க்கு 54.9, நல்லெண்ணெய்க்கு 20.1, விளக்கெண்ணெய்க்கு 6.4. ஆக 81.4 கிராம். அதில் ஐந்து சதவீதம் குறைத்து 77 போட்டிருக்கிறீர்கள். கொஞ்சம் எண்ணெய் மாறாமல் மிஞ்சித் தோலைக் காக்கட்டும் என்ற கணக்கு அது. இதை யார் உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்களோ, ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். இப்போது தேங்காய் எண்ணெய் இருந்த இடத்தில் பாமாயிலை வையுங்கள். 42.3, 20.1, 6.4. ஆக 68.8. ஒரு சொட்டு எண்ணெய்கூட மிஞ்சாமல் எல்லாமே சோப்பானாலும் அதற்குமேல் காஸ்டிக்குக்கு வேலை இல்லை. நீங்கள் போட்டது 77. போட வேண்டியது 65.

மிச்சம் எட்டு கிராம் எங்கே போகும்? எங்கும் போகாது. ஒரு ஈட்டில் வரும் ஏழு கட்டிக்குள் கட்டிக்கு ஒரு கிராமுக்குமேல் காஸ்டிக்காகவே உட்கார்ந்திருக்கும். அதைத்தான் அந்த அக்கா ஒரு நாளைக்குப் பத்துத் தடவை கையில் தேய்த்திருக்கிறார்கள். எல்லோரும் கை கழுவு, கை கழுவு என்று சொல்லிக்கொண்டிருக்கிற காலம் இது.

“சீக்கிரம் கெட்டியானது” என்று சந்தோஷப்பட்டு எழுதியிருக்கிறீர்கள். காஸ்டிக் கூடினால் சோப்பு அப்படித்தான் விறைக்கும். கத்தி வைத்தால் சுண்ணாம்புக் கட்டி மாதிரி உதிரும். தப்பு நடந்ததற்கான அறிகுறியை நல்ல பதம் என்று எடுத்துக்கொண்டுவிட்டீர்கள்.

மேலே பூத்திருக்கும் வெள்ளையை மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. நல்ல சோப்பிலும் காற்றுப்பட்ட பக்கத்தில் மெல்லிசாகச் சோடா மாவு பூக்கும். ஈரத்துணியால் துடைத்தால் போய்விடும், ஒரு கெடுதலும் இல்லை. ஒரு கட்டியை நடுவில் வெட்டிப் பாருங்கள். உள்ளேயும் வெள்ளைப் பொரிப்பொரியாக இருந்தாலோ, நீர் கசிந்தாலோ அது காஸ்டிக். மஞ்சள் தடவிச் சிவக்கிறதா என்று பார்க்கச் சொல்வார்கள். எல்லாச் சோப்பும் மஞ்சளைச் சிவக்க வைக்கும், சாம்பார் கறையைத் துவைத்தவர்களுக்கு இது தெரியும். அந்தச் சோதனை எதற்கும் உதவாது. விரலை நனைத்துச் சோப்பில் லேசாகத் தேய்த்து, நாக்கு நுனியில் ஒரு கணம் தொட்டு எடுங்கள். வெறும் சோப்பு ருசி என்றால் பயமில்லை. வெற்றிலையில் சுண்ணாம்பு கூடிப்போனால் நாக்கு சுரீர் என்று வெந்துபோகுமே, அப்படி இருந்தால் உடனே வாயைக் கொப்பளித்துவிட்டு அந்த ஈட்டை ஒதுக்கி வையுங்கள்.

ஆறு ஈட்டுக்கு 42 கட்டி, விற்ற 11 போக, தேங்கிக் கிடக்கும் 60-ல் இந்தப் பாமாயில் சோப்பு 31 இருக்க வேண்டும். அதைக் குப்பையில் போட வேண்டாம், மீட்டுவிடலாம். கண்ணை முழுதாக மூடும் பாதுகாப்புக் கண்ணாடியும் ரப்பர் கையுறையும் போட்டுக்கொண்டு, கட்டிகளை எவர்சில்வர் துருவியில் துருவுங்கள். அந்தத் துருவி திரும்பச் சமையலுக்குப் போகக் கூடாது. அலுமினியப் பாத்திரம் பக்கத்திலேயே வரக் கூடாது. காஸ்டிக் அலுமினியத்தை அரிக்கும், அதில் கிளம்பும் வாயு தீப்பற்றும்.

பத்துக் கட்டித் துருவலுக்கு 96 கிராம் தேங்காய் எண்ணெய், அரை டம்ளர் தண்ணீர். பெரிய பாத்திரத்தில் தண்ணீரைக் கொதிக்க விட்டு, அதற்குள் எவர்சில்வர் பாத்திரத்தை இறக்கி, சிறு தீயில் கிளறுங்கள். பொங்கும், அதனால் பாதிப் பாத்திரத்துக்குமேல் போடாதீர்கள். ஒன்றரை மணி நேரத்திலிருந்து இரண்டு மணி நேரத்தில், வெந்த ஜவ்வரிசி மாதிரி அங்கங்கே கண்ணாடியாகி ஒன்றுசேர்ந்து வரும். ஒரு சிட்டிகை எடுத்து ஆறவிட்டு நாக்குச் சோதனை. இன்னும் சுரீர் என்றால் அரை மணி நேரம் கிளறுங்கள். அப்படியும் அடங்காவிட்டால் 10 கிராம் எண்ணெய் விட்டுத் திரும்பக் கிளறுங்கள். எண்ணெய் சற்றுக் கூடினால் நுரை குறையும், யாருக்கும் கை வேகாது. பிறகு அச்சில் போட்டு நன்றாக அமுக்குங்கள். மறுநாள் வெட்டி மூன்று வாரம் காய விடுங்கள். பார்க்கக் கொழுக்கட்டை மாதிரி கரடுமுரடாக இருக்கும். இருக்கட்டும். திரும்பி வரும் 11-ல் ஈரம் பட்ட கட்டியை மட்டும் இதில் சேர்க்காதீர்கள், தூக்கிப் போட்டுவிடுங்கள்.

இனி அந்த ‘கெமிக்கலே கிடையாது’. இதைச் சும்மா விட முடியாது. ஈட்டுக்கு 77 கிராம் காஸ்டிக் சோடாவைக் கையால் நிறுத்துப் போடுகிறவர், கெமிக்கல் இல்லை என்று எப்படி எழுதுகிறீர்கள்? எண்ணெயும் காஸ்டிக்கும் சேர்ந்தால்தான் சோப்புக்கட்டி. உருக்கி ஊற்றும் கட்டி வாங்கிச் செய்கிறவர்களுக்கும் அந்தக் காஸ்டிக் வேலையை வேறொருவர் முன்பே முடித்து வைத்திருக்கிறார். காஸ்டிக்கே தொடாமல் விற்க வேண்டுமென்றால் பூந்திக்கொட்டையும் சீயக்காயும் விற்கலாம், நல்ல பொருள்கள்தான். நல்ல சோப்பில் காஸ்டிக் மிஞ்சாது என்பது உண்மை. அது மிஞ்சாமல் இருப்பது உங்கள் தராசாலும் பெருக்கல் கணக்காலும். எண்ணெயின் நல்ல மனசால் அல்ல. வாங்குகிறவரை ஏமாற்றுகிறீர்கள் என்று நான் சொல்லவில்லை. அந்த லேபிளை ஒட்டி ஒட்டி நீங்களே அதை நம்பிவிட்டீர்கள், அங்கேதான் எனக்குக் கோபம். டப்பாவில் இருப்பது காஸ்டிக் என்பது மனசில் இருந்திருந்தால், எண்ணெய் மாறிய அன்று கணக்கையும் மாற்றியிருப்பீர்கள். இயற்கை, எல்லாம் எண்ணெய்தானே என்ற நினைப்பில்தான் கை பாமாயில் பாக்கெட்டுக்குப் போனது. லேபிளைக் கிழித்துவிட்டு, சேர்த்த எண்ணெய்களின் பெயரையும் ஈடு போட்ட தேதியையும் எழுதுங்கள். தேதி இருந்திருந்தால் எந்தக் கட்டி எந்த எண்ணெய் என்று இன்று தேட வேண்டியிருக்காது.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். பாதி விலை வேண்டாம். மீதியுள்ள 29 கட்டியும் பழைய தேங்காய் எண்ணெய் ஈடு என்றால் அவசரமே இல்லை. சோப்பு, இருக்க இருக்கத் தண்ணீர் வற்றி இறுகும், குளியலறையில் கரையாமல் நிற்கும். நான்கு வாரம் காய வைப்பதை எட்டு வாரமாக்கினால் பொருள் கெட்டா போகும்? உங்கள் பக்கம் ஜூனில் மழை பிடித்துவிடும். பிளாஸ்டிக் தாளில் சுற்றினால் வேர்த்து ஒழுகும். காகிதத்தில் சுற்றி, காற்றுப் போகும் மரத்தட்டில் இடைவெளி விட்டு அடுக்குங்கள். காஸ்டிக் டப்பாவையும் இறுக மூடுங்கள், மழைக்காற்றில் ஈரம் குடித்துவிட்டால் அப்புறம் எந்த எடையும் சரியாக வராது.

சானிட்டைசர் பக்கமே போகாதீர்கள். வீட்டுக்குள் எரிசாராயத்தை வைத்துக்கொண்டு அடுப்பும் பற்ற வைப்பீர்களா? தயாரிக்க உரிமமும் வேண்டும். சொல்லப்போனால் விற்பனைக்குச் சோப்பு தயாரிக்கவும் உரிமம் வேண்டும். 2020 டிசம்பரில் வந்த அழகுசாதனப் பொருள் விதிகளின்படி மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைதான் அதைத் தரும். அதை நீங்கள் கேட்கவில்லை, நானும் இன்று உங்களைப் போதுமான அளவு திட்டிவிட்டேன்.

ஒன்றே ஒன்று மட்டும் எழுதுங்கள். பாமாயிலைத் தராசில் வைத்து 300 கிராம் எடுத்தீர்களா, அளவு டம்ளரில் 300 மில்லி ஊற்றினீர்களா? பாக்கெட் லிட்டர் கணக்கு. ஒரு லிட்டர் பாமாயில் சுமார் 910 கிராம்தான் நிற்கும். டம்ளர் என்றால் ஈட்டுக்கு இன்னும் 27 கிராம் எண்ணெய் குறைந்திருக்கிறது. அப்படியானால் பத்துக் கட்டிக்கு 96 போதாது, 126 விடுங்கள்.

அன்புடன்.