மகளின் போனை எடுக்காதீர்கள்

கேள்வி: என் வயது 39. விவாகரத்து வழக்கு நடக்கிறது. என் வேதனையை அவ்வப்போது ஃபேஸ்புக்கில் எழுதுகிறேன். யார் பெயரையும் போடுவதில்லை. வக்கீல் எதுவும் எழுதக் கூடாது என்கிறார். பழைய பதிவுகளை அழித்துவிடலாமா? கணவர் என்னை வாட்ஸ்அப்பில் பிளாக் செய்துவிட்டார். 14 வயது மகள் தூங்கிய பிறகு அவள் போனில்தான் அவருடைய ஸ்டேட்டஸைப் பார்க்கிறேன். அவர் சந்தோஷமாகத்தான் இருக்கிறார். மனதில் இருப்பதைக் கொட்ட எனக்கு மட்டும் உரிமை இல்லையா?

பெயர் வேண்டாம்

பதில்: உரிமையைப் பற்றி அப்புறம் பேசலாம். மகள் தூங்கிய பிறகு அவள் போனை எடுப்பதாகப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, எனக்கு அதைத் தாண்டிப் போக மனம் வரவில்லை.

ஸ்டேட்டஸை யார், எத்தனை மணிக்குப் பார்த்தார்கள் என்பது பொதுவாகப் போட்டவருக்குத் தெரிந்துவிடும். நள்ளிரவு 1 மணிக்கு உங்கள் கணவர் பார்ப்பது மகளின் பெயரை. பிள்ளை தூங்காமல் நம்மையே நினைத்துக்கொண்டிருக்கிறாள் என்று அவர் தவிக்கலாம். பள்ளிக்கூடம் போகிற பெண்ணை இந்நேரம்வரை போனோடு விட்டிருக்கிறாள் என்று உங்கள்மேல் குற்றமும் சொல்லலாம். எப்படியானாலும் அவள் செய்யாத காரியத்துக்கு அவள் பெயர் அடிபடுகிறது.

காலையில் அவள் போனைத் திறந்தால் அப்பாவின் ஸ்டேட்டஸ் ஏற்கெனவே பார்த்ததாகக் காட்டும். 14 வயதுப் பிள்ளைக்கு இது புரியாதா? எப்போதோ புரிந்திருக்கும் என்றே நினைக்கிறேன். கேட்டால் அம்மா அழுவாள் என்று வாயை மூடிக்கொண்டிருக்கிறாள். பெற்றவளைப் பிள்ளை சுமக்கிற வயதா இது, அம்மா?

பிள்ளையின் போனைக் கண்காணிப்பது தாயின் கடமை என்பீர்கள். கடமைதான். அதை அவளுக்குத் தெரிந்து, அவளுக்காகச் செய்ய வேண்டும்.

கணவன் மனைவி உறவு முறியலாம். முறிந்தால்தான் நிம்மதி என்கிற வீடுகளும் உண்டு. அப்பாவும் மகளும் அப்படிப் பிரிய முடியாது. பிரிய விடவும் கூடாது. அவர் உங்களை பிளாக் செய்தார், மகளைச் செய்யவில்லை. அது அவளுக்காக வைத்த வழி. அதில் நீங்கள் நுழையக் கூடாது. அவர் சந்தோஷமாக இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். அவர் செய்கிற செலவு ஜீவனாம்ச வழக்குக்கு உதவும் என்று தோன்றினால் வக்கீலிடம் வாயால் சொல்லுங்கள். மகளின் போனில் எடுத்த ஸ்கிரீன்ஷாட்டை நீட்டினால், யார் போன் இது என்ற கேள்வி வரும். பிள்ளை வழக்குக்குள் இழுபடுவாள்.

ஃபேஸ்புக் விஷயத்தில் உங்கள் வக்கீல் சொல்வதே சரி. பெயர் போடாவிட்டால் என்ன, உங்களைத் தெரிந்தவர்களுக்கு அவரைத் தெரியாதா? நண்பர்களுக்கு மட்டும் என்று வைத்தாலும் ஒரே ஒருவர் படம் பிடித்து அனுப்பினால் அது நீதிமன்றம்வரை போகும். மகளோடு படிக்கிற பிள்ளைகளின் அம்மாக்களும் அதைப் படிக்கிறார்கள். பிள்ளை யாரிடம் வளர்வது என்று முடிவு செய்யும்போது, ஒருவர் மற்றவரைப் பற்றி ஊரறிய என்ன பேசினார் என்பதையும் நீதிபதி பார்க்கக்கூடும்.

பழையதை அவசரப்பட்டு அழிக்காதீர்கள். வழக்கு நடக்கும்போது அழித்தால் ஆதாரத்தை மறைத்தீர்கள் என்பார்கள். அவர்கள் கையில் ஏற்கெனவே நகல் இருந்தால் இன்னும் மோசம். உங்கள் பதிவுகளை மொத்தமாகப் பதிவிறக்கும் வசதி ஃபேஸ்புக்கிலேயே இருக்கிறது. எடுத்து வக்கீலிடம் கொடுங்கள். எதை அழிப்பது, எதை விடுவது என்பதை அவர் சொல்லட்டும்.

மனதைக் கொட்டத்தான் வேண்டும். உங்கள் பதிவுக்கு லைக் போடுகிறவர்களில், ராத்திரி அழைத்தால் போனை எடுக்கிறவர் யார்? அவரிடம் பேசுங்கள்.

அதற்கு முன்னால், இன்றைக்கே மகளை உட்கார வைத்துச் சொல்லுங்கள்: “உனக்குத் தெரியாமல் உன் போனில் அப்பா ஸ்டேட்டஸைப் பார்த்தேன். தப்புதான். இனிமேல் செய்ய மாட்டேன்.” அவள் கோபப்பட்டால் கேட்டுக்கொள்ளுங்கள். அந்தப் பேச்சில் அவள் அப்பாவைப் பற்றி உங்கள் வாயிலிருந்து ஒரு குறையும் வரக் கூடாது.