மகப்பேறு மருத்துவர் பதில்கள்: நாள் கணக்கு எங்கிருந்து தொடங்குகிறது?

கேள்வி: எனக்கு வயது 29, இரண்டு வயதில் ஒரு மகன் இருக்கிறான். ஏழாவது வாரத்தில், மருத்துவரின் மேற்பார்வையில் மாத்திரை சாப்பிட்டுக் கருவைக் கலைத்துக்கொண்டேன். 13 நாட்கள் உதிரப்போக்கு இருந்து நின்றது. இன்றோடு 38 நாட்கள் ஆகியும் மாதவிலக்கு வரவில்லை. அது வந்ததும் காப்பர்-டி பொருத்திக்கொள்ளலாம் என்று இருந்தோம். உதிரப்போக்கு நின்ற பிறகு கணவருடன் இரண்டு முறை சேர்ந்தேன். வீட்டில் சிறுநீர்ப் பரிசோதனை செய்து பார்த்தால் இரண்டாவது கோடு மங்கலாகத் தெரிகிறது. மருந்துக் கடையில் மாதவிலக்கு வருவதற்கு மாத்திரை தருகிறார்கள், வாங்கிச் சாப்பிடலாமா? மாமியாருக்கு எதுவும் தெரியாது என்பதால் மறுபடியும் மருத்துவமனைக்குப் போகத் தயக்கமாக இருக்கிறது.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, நாமக்கல் மாவட்டம்

பதில்: அந்த மாத்திரையை வாங்காதீர்கள். நாள் தள்ளிப்போனதற்குக் காரணம் என்னவென்று தெரியாமல் அதைச் சாப்பிட்டால், சாப்பிடும் நாட்களும் அதன் பிறகு காத்திருக்கும் நாட்களுமாக இரண்டு வாரங்கள் வீணாகும். உங்கள் நிலையில் அந்த இரண்டு வாரங்கள் முக்கியமானவை.

என்னிடம் வருகிற பெண்கள் பலர், தினசரிக் காலண்டரிலிருந்து கிழித்த தாளில் பேனாவால் வட்டமிட்டுக் கொண்டுவருவார்கள். அவர்கள் வட்டமிட்டிருப்பது பெரும்பாலும் உதிரம் நின்ற நாளாக இருக்கும். கணக்கு அங்கிருந்து தொடங்குவதில்லை. கருக்கலைப்புக்குப் பின் வரும் உதிரப்போக்கு மாதவிலக்கே அல்ல. கருவோடு சேர்ந்து வளர்ந்திருந்த கருப்பையின் உட்படலம் கழிந்து வெளியேறுவதுதான் அது. ஒன்பது நாள் முதல் பதினாறு நாள் வரை அது நீடிப்பது வழக்கம். சிலருக்கு ஒரு மாதம் வரை திட்டுத்திட்டாகப் படுவதும் உண்டு. கரு கலைந்த நாளையே முதல் நாளாகக் கொள்ள வேண்டும். கர்ப்பகால ஹார்மோன் குறையக் குறைய மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி மீண்டும் வேலையைத் தொடங்க, பெரும்பாலானோருக்கு மூன்றாவது வாரத்தை ஒட்டி முதல் கருமுட்டை வெளியேறுகிறது. அதற்குப் பதினான்கு நாட்கள் கழித்தே மாதவிலக்கு வரும். ஆகவே நான்கு முதல் ஆறு வாரங்களுக்குள் வருவது இயல்பு, எட்டு வாரம் வரை பொறுக்கலாம் என்று பொதுவாகச் சொல்வோம்.

ஆனால் உங்களை நான் பொறுத்திருக்கச் சொல்லவில்லை. மாதவிலக்கு வருவதற்கு முன்பே கருமுட்டை வந்துவிடுகிறது என்பதைக் கவனியுங்கள். எட்டாம் நாளிலேயே வந்துவிடுவதும் உண்டு. 'முதலில் தலைக்குக் குளிக்கட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்று இருந்து மறுபடியும் கருவுற்றவர்களை நான் அடிக்கடி பார்க்கிறேன். உண்மையில் 15ஆம் நாள் மறுபரிசோதனையில் கரு முழுமையாகக் கலைந்துவிட்டது என்று உறுதியானால், அன்றைக்கே காப்பர்-டி பொருத்திவிடலாம். இதை உங்களிடம் எவரும் எடுத்துச் சொல்லவில்லை என்றால், அந்தக் குறை மருத்துவர்களாகிய எங்களுடையது.

மங்கலான கோட்டைப் பொறுத்தவரை, பழைய கர்ப்பத்தின் ஹார்மோன் முழுவதும் வடிய நான்கு வாரமோ அதற்குச் சற்று மேலோ ஆகும் என்பதால் அது வெறும் மிச்சமாகவும் இருக்கலாம். கர்ப்பப்பையில் கருவின் பகுதி தங்கியிருக்கலாம். புதிய கர்ப்பமாகவும் இருக்கலாம். கோட்டைப் பார்த்து இவற்றைப் பிரித்தறிய முடியாது. 48 மணி நேர இடைவெளியில் இரண்டு முறை பீட்டா எச்.சி.ஜி. (கர்ப்பகால ஹார்மோனின் அளவு) ரத்தப் பரிசோதனையும் ஒரு ஸ்கேனும் செய்தால் பெரும்பாலும் விடை தெரிந்துவிடும். ஸ்கேன் அறிக்கையில் 'உட்படலம் தடிமன்' என்று எழுதியிருப்பதை மட்டும் வைத்து 'க்ளீன்' செய்துகொள்ளச் சம்மதிக்காதீர்கள். உதிரப்போக்கும் காய்ச்சலும் இல்லாத பெண்ணுக்கு அந்த ஒரு வரிக்காகக் கருப்பையைச் சுரண்ட வேண்டியதில்லை.

ஒரு மணி நேரத்தில் இரண்டு நாப்கின் முழுக்க நனைவது அடுத்தடுத்து இரண்டு மணி நேரம் தொடர்ந்தாலோ, 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல் வந்தாலோ, துர்நாற்றத்துடன் வெள்ளை பட்டாலோ அன்றே மருத்துவமனைக்குச் சென்றுவிடுங்கள். அடிவயிற்றின் ஒரு பக்கம் கடுமையாக வலித்துத் தலை சுற்றினால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது. கரு கருப்பைக்கு வெளியே, கருக்குழாயில் தங்கியிருந்தால் நீங்கள் சாப்பிட்ட கருக்கலைப்பு மாத்திரைகள் அதைக் கலைப்பதில்லை.

மாமியாரைப் பற்றிய தயக்கத்துக்கு: 1971ஆம் ஆண்டின் மருத்துவக் கருக்கலைப்புச் சட்டப்படி, 18 வயது நிறைந்த பெண்ணுக்கு அவருடைய சம்மதம் ஒன்றே போதும், கணவரின் கையெழுத்துக்கூடத் தேவையில்லை. கலைத்துக்கொண்டவரின் பெயரையும் விவரத்தையும் சட்டம் அனுமதித்தவரைத் தவிர வேறெவரிடமும் மருத்துவர் வெளியிடுவது 2021ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி தண்டனைக்குரிய குற்றம். வீட்டில் 'வயிற்று வலிக்கு ஸ்கேன்' என்று சொல்லிவிட்டுப் போய்வாருங்கள்.

கேள்வி: ஐந்து மாதங்களுக்கு முன் 11 வாரக் கருவை டி அண்ட் சி செய்து, அதாவது கருப்பையைச் சுரண்டி, அகற்றினார்கள். முன்பு ஐந்து நாட்கள் இருந்த மாதவிலக்கு இப்போது ஒரு நாள், அதுவும் கறையாக மட்டும் படுகிறது. மாதம் தவறாமல் அடிவயிறு வலிக்கிறது. உடம்புச் சூடு என்கிறார் அக்கா. எள்ளும் கருப்பட்டியும் சாப்பிட்டும் பலனில்லை.
– வாசகி, வயது 34, தஞ்சாவூர்

பதில்: எள்ளுருண்டையால் கெடுதல் ஒன்றுமில்லை, ஆனால் உங்கள் குறை அதனால் தீருவதல்ல. மாதம் தவறாமல் வலி வருகிறது என்றால் சினைப்பையும் ஹார்மோனும் தம் வேலையை ஒழுங்காகச் செய்கின்றன என்றே கொள்ளலாம். கருப்பையை ஆழமாகச் சுரண்டும்போது உட்படலத்தின் அடிப்பகுதி சிதைந்தால், புண் ஆறுகையில் முன்சுவரும் பின்சுவரும் ஆங்காங்கே ஒட்டிக்கொள்வதுண்டு. வெளியேற வேண்டிய உதிரம் குறைவதும், வழியின்றித் தேங்கி வலிப்பதும் அதனால்தான். முதலில் கர்ப்பம் இல்லை என்பதையும் தைராய்டு அளவையும் உறுதிசெய்துகொண்டு, ஹிஸ்டரோஸ்கோப்பி வசதியுள்ள மருத்துவரைப் பாருங்கள். மெல்லிய கருவிக் குழாய் வழியே கருப்பைக்குள் பார்த்து, அப்போதே ஒட்டுகளைப் பிரித்துவிட முடியும். அடுத்த குழந்தை பற்றிய எண்ணம் இருந்தால் இதைத் தள்ளிப்போடாதீர்கள். இதனால்தான், கருவை அகற்ற வேண்டிவந்தால் சுரண்டுவதற்குப் பதில் உறிஞ்சி எடுக்கும் முறையை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. சுரண்டும் முறையை இன்னும் விடாதிருப்பது எனக்கு வருத்தம் தரும் பழக்கம்.

கேள்வி: கருக்கலைப்புக்குப் பின் ஹீமோகுளோபின் 9.2 என்றார்கள். பேரீச்சம்பழமும் பீட்ரூட்டும் சாப்பிட்டால் போதுமா?
– வாசகி, கடலூர்

பதில்: போதாது, இரும்புச்சத்து மாத்திரை வேண்டும். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே கிடைக்கும். டீயோ காபியோ குடித்த வாயோடு அதை விழுங்கினால் உடம்பில் ஒட்டாது. இரண்டு மணி நேரம் இடைவெளி விட்டு, எலுமிச்சைச் சாறோடு சாப்பிடுங்கள். அளவு 12ஐ எட்டிய பின்னும் மூன்று மாதம் தொடருங்கள். மலம் கறுப்பாகப் போவதைப் பார்த்து நடுவில் நிறுத்திவிடாதீர்கள். உடம்பில் சேராத இரும்புச்சத்தின் நிறம்தான் அது.