மாமிக்கு ஒரு சாக்கு வேண்டும்

கேள்வி: போன ஞாயிறு டிவியில் ‘அவ்வை சண்முகி’ போட்டார்கள். வீடே விழுந்து விழுந்து சிரித்தது. என் மகள் மட்டும், “ஆம்பள புடவை கட்டினா கைதட்டுறீங்க, நான் அண்ணன் சட்டையைப் போட்டா மட்டும் அப்பா ஏன் முறைக்கிறார்?” என்று கேட்டுவிட்டாள். என்ன சொல்ல?
(வாசகி, ஈரோடு)

பதில்: முதலில் அந்தச் சட்டையை அவளுக்கே கொடுத்துவிடுங்கள். அண்ணனுக்கு வேறு எடுத்துக்கொள்ளலாம்.

அப்புறம் மாமி கதைக்கு வருவோம். 1996-இல் வந்த அந்தப் படத்தில் கமல் ஆசைப்பட்டு மடிசார் கட்டவில்லை. பெண்டாட்டி விவாகரத்து வாங்கிவிட்டாள், மகளைக் கண்ணால் பார்க்க வழியில்லை, மாமனார் வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடுகிறார்கள், சரி, மாமியாகிவிடுவோம். சாக்கு அவ்வளவு பக்காவாக இருப்பதால்தான் ஜெமினி கணேசன் மாமியிடம் வழிவதையும் மணிவண்ணன் பின்னாலேயே அலைவதையும் குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்க முடிகிறது. எப்படியும் விக் கழன்றுவிடும் என்று எல்லோருக்கும் தெரியும். மெடிக்கல் லீவுக்கு டாக்டர் சர்டிபிகேட் மாதிரி, நம் ஹீரோ புடவை கட்ட ஒரு காரணச் சீட்டு காட்ட வேண்டும். “பிடிச்சிருக்கு, கட்டினேன்” என்றால் டிக்கெட் கிழிக்க மாட்டார்கள் போல.

பெண்ணுக்கு ரூட் வேறு. அவள் பேன்ட்டோடு வரலாம், கம்பெனியே நடத்தலாம், ஆனால் கடைசி ரீலுக்குள் திருந்தியாக வேண்டும். ‘மன்னன்’ (1992) விஜயசாந்தியைப் பாருங்கள்: அத்தனை மிடுக்கான முதலாளியம்மா வீட்டுப் பொறுப்பு போதும் என்று ஒதுங்கினால்தான் படம் சுபம். உங்கள் வீட்டுக்காரர் இந்த மாதிரிக் கடைசி ரீல்களை நிறையப் பார்த்து வளர்ந்திருப்பார், பாவம்.

இத்தனைக்கும் நம் மேடைக்கு இந்தச் சாக்கெல்லாம் தேவைப்பட்டதில்லை. சிறுவர்களே நடித்த நாடகக் குழுக்களான பாய்ஸ் கம்பெனிகளில் ஸ்திரீபார்ட், அதாவது பெண் வேஷம், என்பது ஒரு தொழில். நடை, குரல், முந்தானையைப் பிடிக்கிற பிடி, எல்லாவற்றுக்கும் வாத்தியாரிடம் அடி வாங்கிப் படிக்க வேண்டும். பின்னால் கட்டபொம்மனாக உறுமிய சிவாஜி கணேசன் சிறுவயதில் சீதை வேஷம் கட்டியவர்தான். நாடக நடிகர் டி.கே.சண்முகம் ஔவையாராகவே நடித்து ‘அவ்வை சண்முகம்’ என்று பெயர் வாங்கினார். சிறுவன் கமல் பாடம் கற்றது அவருடைய குழுவில். படத்தின் பெயர் எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிந்திருக்கும்.

பாடகியும் நடிகையுமான கே.பி.சுந்தராம்பாள் கதையையும் உங்கள் மகளிடம் சொல்லுங்கள், எனக்கு ரொம்பப் பிடித்தது. 1933-இல் கணவர் கிட்டப்பா இறந்தபின் வெள்ளைச் சேலைக்கு மாறியவர், இனி எந்த ஆணுக்கும் ஜோடியாக நடிப்பதில்லை என்று வைராக்கியமாக இருந்தார். சினிமா அழைத்தது. 1935-இல் ‘பக்த நந்தனார்’ படத்தில் நந்தனாராக, ஆண் வேஷத்தில் வந்து நின்றார், சம்பளம் ஒரு லட்சம் ரூபாய்! ஜோடியே வேண்டாம், சபதமும் உடையவில்லை. ஆறு வருஷம் கழித்து ‘சாவித்திரி’யில் எம்.எஸ்.சுப்புலட்சுமி நாரதராக வந்தார். அதற்கு அவர் வாங்கிய சம்பளம் ‘கல்கி’ பத்திரிகை தொடங்க உதவியது. பெண் ஆண் வேஷம் போட்டதில் ஒரு பத்திரிகையே பிறந்த ஊர் இது. ஒரு சட்டைக்குப் போய் முறைக்கலாமா?

கேள்வி: ‘ரெமோ’ சிவகார்த்திகேயன் நர்ஸ் வேஷம் எப்படி?
(வாசகர், சேலம்)

பதில்: மேக்கப்புக்கு நூற்றுக்குத் தொண்ணூறு. ஆனால் இன்னொருவருடன் நிச்சயமான பெண்ணிடம் தோழியாக ஒட்டிக்கொண்டு அவள் மனசை மாற்றுவதற்கு வெள்ளை யூனிஃபார்ம் எதற்கு? அதற்குப் பெயர் வேஷம் இல்லை, மோசடி.

கேள்வி: ‘சூப்பர் டீலக்ஸ்’ படத்தில் ஷில்பாவாக ஒரு திருநங்கையே நடித்திருக்கக் கூடாதா? விஜய் சேதுபதிக்குத் தேசிய விருது வேறு கொடுத்தார்கள்.
(வாசகர், நாகர்கோவில்)

பதில்: நடித்திருக்கலாம். 2011-லேயே ‘நர்த்தகி’யில் திருநங்கை கல்கி சுப்ரமணியம் கதாநாயகியாக நடித்துவிட்டார், ‘பேரன்பு’வில் இன்னொரு திருநங்கை அஞ்சலி அமீர் மம்மூட்டிக்கு ஈடுகொடுத்தார், ஆகவே ஆள் கிடைக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனாலும் எனக்கு அந்தப் படத்தில் மறக்க முடியாதது ஷில்பாவின் மகனாக வரும் பொடியன் ராசுக்குட்டிதான். வருஷக்கணக்காகக் காணாத அப்பா சேலையில் வந்து இறங்குகிறார், பெரியவர்கள் எல்லாம் வாயடைத்து நிற்கிறார்கள், ராசுக்குட்டி மட்டும் கையைப் பிடித்துக்கொள்கிறான். அப்பா வந்தாச்சு, அவ்வளவுதான் அவன் கணக்கு. இவ்வளவு அழகாக எடுத்துவிட்டு, ஷில்பாவின் பழைய கதையில் பிள்ளை கடத்தலைக் கொண்டுவந்து வைத்தார்கள் பாருங்கள், அங்கே எனக்கு வயிறு எரிந்தது. திருநங்கைகள் பலரும் அதைக் கண்டித்தார்கள், நியாயம்தான்.

கேள்வி: கல்லூரியில் படிக்கும் என் தம்பி இரண்டு காதிலும் தோடு, தோள்வரை முடி, சுண்டுவிரலில் நெயில் பாலிஷ். அடுத்த மாதம் வீட்டில் கல்யாணம், சொந்தக்காரர்கள் கிண்டல் செய்வார்களே?
(வாசகர், விழுப்புரம்)

பதில்: செய்வார்கள், சாப்பாட்டில் உப்பு குறைந்தாலும்தான் செய்வார்கள். வீட்டில் பழைய போட்டோ இருந்தால் தேடிப் பாருங்கள், தாத்தாவோ கொள்ளுத்தாத்தாவோ கடுக்கனும் குடுமியுமாக நிற்பார். அந்தக் காலத்துப் பெரிய ஹீரோ எம்.கே.தியாகராஜ பாகவதர் தோளில் புரளும் முடியும் காதில் கடுக்கனும் ஜரிகையுமாகத்தான் இருந்தார்; அவருடைய ‘ஹரிதாஸ்’ 1944 தீபாவளிக்கு வந்து மூன்று தீபாவளி பார்த்தது, அந்த பாகவதர் கிராப்பை ஊரே வைத்துக்கொண்டது. கிண்டல் செய்யும் பெரியப்பாவிடம் அவர் அப்பாவின் போட்டோவை நீட்டுங்கள். நெயில் பாலிஷுக்குத்தான் என்னிடம் முன்னுதாரணம் இல்லை. என்ன கலர் என்று எழுதவில்லையே?