பனையிலிருந்து கம்பத்துக்கு: பெங்களூர் வரப்போகும் தம்பிக்கு

தம்பி, உன் கேள்வியைப் படித்த பிறகு பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை. உடன்குடிப் பக்கம் பனை ஏறுகிறாய், வயது 24, பத்தாவது பாஸ். பெங்களூர் கே.ஆர்.புரத்தில் இருக்கும் உன் மாமா கரண்ட் கம்பத்தில் லைன் வேலைக்குக் கூப்பிடுகிறார். அவருடைய காண்டிராக்டர், 'பனை ஏறுகிறவன்தானே, வந்த மறுநாளே கம்பத்தில் ஏற்றிவிடலாம்' என்று சொல்கிறார். வரலாமா, ஏறத் தெரிந்தால் போதுமா என்று கேட்டிருக்கிறாய்.

நானும் சாத்தான்குளம் பக்கத்துப் பனையேறி வீட்டுப் பிள்ளைதான். 2006இல் காலில் மாட்டும் தளைநாரையும் பாளை சீவும் அரிவாளையும் என் தம்பியிடம் கொடுத்துவிட்டு இங்கே வந்தேன். இப்போது லிங்கராஜபுரத்தில் குடியிருக்கிறேன், லைன் வேலையில் சூப்பர்வைசர். என் பதில்: தாராளமாக வா. ஆனால் மறுநாளே கம்பத்தில் ஏற்றுகிறேன் என்று சொல்கிற ஆளிடம் வராதே.

உயரத்தைப் பற்றி நீ கவலைப்பட வேண்டாம். இங்கே தெருவில் நிற்கும் சாதாரணக் கம்பம் 8 மீட்டர், 9 மீட்டர். அதிலும் ஆறில் ஒரு பங்கு மண்ணுக்குள் போய்விடும். அறுபதடிப் பனையில் காலையும் மாலையும் ஏறி இறங்கும் உனக்கு அது ஒரு உயரமே இல்லை. பாளை சீவும்போது இரண்டு கையையும் வேலைக்கு விட்டுவிட்டு காலிலும் இடுப்பிலும் உடம்பைத் தாங்கி நிற்கிறாயே, அந்தப் பழக்கத்தைப் பயிற்சிப் பையன்களுக்குச் சொல்லிக்கொடுக்கவே எனக்கு மாதக்கணக்காகிறது. பெல்ட் மாட்டியிருந்தும் ஒரு கையால் கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மறு கையால் நட்டு முடுக்கப் பார்ப்பார்கள்.

நீ மறக்க வேண்டியது வேறு. பனையில் நம் கை முதலில் பிடிக்கும், கண் பிறகுதான் பார்க்கும். மட்டையோ கருக்கோ எது கைக்கு எட்டுகிறதோ அதைப் பற்றித்தான் நாம் உயிரோடு இருக்கிறோம். அந்தக் கை கம்பத்துக்கு வந்தாலும் அப்படியேதான் நீளும். குறுக்குச் சட்டமான கிராஸ் ஆர்ம், கம்பத்தை இழுத்துக் கட்டிய ஸ்டே கம்பி, லைனை இணைத்துத் தொங்குகிற ஜம்பர் ஒயர் என்று கிடைத்ததைப் பிடிக்கும். நான் வந்த முதல் மாதம் என் மேஸ்திரி என் இரண்டு கையையும் பின்னால் கட்டச் சொல்லி, கம்பத்தடியில் பத்து நிமிடம் அண்ணாந்து பார்க்க வைத்தார். எந்தக் கம்பி எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது, எது 11,000 வோல்ட், எது 400 வோல்ட், கேபிள் டிவி ஒயர் எது என்று சொன்ன பிறகுதான் ஏற விடுவார். அன்றைக்குக் கோபமாக இருந்தது. இன்றைக்கு என் பையன்களை நானும் அப்படித்தான் நிறுத்துகிறேன்.

பனையில் ஆபத்து கீழே இருக்கிறது, விழுந்தால்தான் ஆபத்து. லைனில் அது கம்பி வழியாக எங்கிருந்தோ வரும், கண்ணுக்குத் தெரியாது, சத்தமும் போடாது. எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். 2011 மே மாதம், மழைக்காற்றில் ஒரு தெரு முழுக்க லைன் அறுந்து கிடந்தது. டிரான்ஸ்பார்மரில் பியூஸைப் பிடுங்கியாகிவிட்டது. நானே என் கையால் பிடுங்கினேன். லைன் செத்துவிட்டது என்று மேலே ஏறி கம்பியைத் தொட்டேன். அந்தத் தெருவில் ஒரு அடுக்குமாடியில் ஜெனரேட்டரை, லைன் கரண்டையும் ஜெனரேட்டர் கரண்டையும் பிரித்துவைக்கும் சரியான சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இல்லாமல் இணைத்து வைத்திருந்தார்கள். அதை ஓட்டியதும் கரண்ட் வீட்டிலிருந்து திரும்பி லைனுக்கு வந்துவிட்டது. பெல்ட் இருந்ததால் விழவில்லை, தொங்கினேன். இடது கையில் இரண்டு விரல் இன்றைக்கும் முழுதாக நிமிராது. அன்றைக்கு நாலு கம்பியையும் ஒன்றோடொன்று சேர்த்து ஷார்ட் செய்து, தரையோடு இணைத்து எர்த் போட்டிருந்தால் அந்த ஜெனரேட்டர்தான் ட்ரிப் ஆகியிருக்கும், எனக்கு ஒன்றும் ஆகியிருக்காது. அப்போது என்னை வேலைக்கு வைத்திருந்தவர் ஆஸ்பத்திரியில் 'ஏணியிலிருந்து விழுந்தான்' என்று எழுத வைத்தார். இஎஸ்ஐ என்ற தொழிலாளர் காப்பீட்டுக் கார்டு கிடையாது. செலவு முழுக்க என் கடன்.

அதனால் இந்த ஒரு முறையை மட்டும் ஊரிலிருந்தே மனப்பாடம் செய்துகொண்டு வா. முதலில் லைன் கிளியர், அதாவது கரண்டை நிறுத்தி வேலை செய்ய அனுமதி, அதை வாய்வார்த்தையாக வாங்காமல் எழுத்தில் வாங்கு. பிறகு சுவிட்சை இறக்கிப் பூட்டி, எச்சரிக்கைப் பலகை மாட்டு. டெஸ்டர் வைத்துப் பார். அப்புறம் லைனைத் தரையோடு இணைக்கும் எர்த் ராடு. எர்த் ராடு போடும்போது முதலில் தரைப்பக்க முனையை முடுக்கிவிட்டுத்தான் கொக்கியை லைனில் மாட்ட வேண்டும். கழற்றும்போது லைனில் இருக்கும் கொக்கியை முதலில் எடுக்க வேண்டும். இதை மாற்றிச் செய்தால் ராடு பிடித்திருக்கும் உன் உடம்பு வழியாகத்தான் கரண்ட் இறங்கும். வேலை செய்யும் இடத்துக்கு இரண்டு பக்கமும் எர்த் வேண்டும், ஒரு பக்கம் போதாது. என் கதையில் பார்த்தாயே, கரண்ட் எந்தப் பக்கத்திலிருந்தும் வரும்.

உன் கையில் இருக்கும் அரிவாளைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஏப்ரல், மே மாதங்களில் இங்கே கோடை மழை காற்றோடு இறங்கும். மயில்கொன்றைக் கிளை படக்கென்று முறியும், தூங்குமூஞ்சி மரம் வேரோடு சாய்ந்து லைனை இழுத்துக்கொண்டு போகும். அந்த நாட்களில் மரம் ஏறத் தெரிந்தவனுக்கு ஏகக் கிராக்கி. உன்னை முதலில் கிளை வெட்டத்தான் கூப்பிடுவார்கள். போகலாம், நல்ல தொடக்கம்தான். ஆனால் மழையில் நனைந்த பச்சைக் கிளை கரண்டைக் கடத்தும். 11,000 வோல்ட் லைனைத் தொடவே வேண்டாம், மிக நெருங்கினாலே தாவிப் பிடிக்கும். மேலே லைன் ஓடுகிற மரத்தில், கரண்டை நிறுத்தி எர்த் போட்டிருப்பதை உன் கண்ணால் பார்க்காமல் அரிவாளை எடுக்காதே. அவசரம் என்று யார் கத்தினாலும் சரி.

கத்துவதும் கன்னடத்தில்தான் இருக்கும். அல்சூர், சிவாஜிநகர், ஸ்ரீராம்புரம் என்று தமிழ் பேசியே காலம் தள்ளுகிற இடங்கள் இங்கே நிறைய உண்டு. லைன் வேலைக்கு அது போதாது. வந்த புதிதில் நான் ஒரு கம்பத்தில் இருக்கும்போது கீழிருந்து ஒருவர் 'இளி, இளி' என்று கத்தினார். எனக்கு ஒன்றும் புரியவில்லை, வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கன்னடத்தில் இளி என்றால் இறங்கு. அந்த லைனில் கரண்ட் விடப் போகிறார்கள் என்றுதான் கத்தியிருக்கிறார். பக்கத்தில் நின்ற தமிழர் ஒருவர் 'இறங்குடா' என்று கூவியதால் தப்பினேன். 'பேடா' என்றால் வேண்டாம், 'ஹத்து' என்றால் பத்து, ஏறு என்றும் அர்த்தம். இந்தச் சொற்களைச் சோற்றுக்கு முன்னால் கற்றுக்கொள்.

சரி, வழி என்ன? கையோடு ஐடிஐ படித்துவிடு. எலக்ட்ரீஷியன் என்றாலும் வயர்மேன் என்றாலும் இரண்டு வருடம். ஊரிலேயே படித்தாலும் சரி, இங்கே வந்து படித்தாலும் சரி, நாடு முழுக்கச் செல்லும் சான்றிதழாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துச் சேர். கர்நாடகத்தில் மின்வாரிய நிரந்தர வேலைக்கு ஜூனியர் பவர்மேன் என்று பெயர். பத்தாவதுதான் கேட்கிறார்கள், உடல் தேர்வில் 8 மீட்டர் கம்பம் ஏறிக் காட்ட வேண்டும். அதில் உன்னை யாரும் ஜெயிக்க முடியாது. கன்னடம்தான் உன்னைத் தடுக்கும். தமிழ்நாட்டு மின்வாரியத்தில் கள உதவியாளர் வேலைக்கு ஐடிஐ வேண்டும். அந்தச் சான்றிதழ் இருந்தால் இரண்டு மாநிலத்துக் கதவையும் தட்டலாம். ஏறுவதை மட்டும் நம்பினால் நாற்பது வயதில் முட்டி வலிக்கும்போது நம் அப்பாக்களைப் போலத்தான் நிற்போம். தவிர, இந்த ஊரில் தலைக்கு மேலே போகும் லைன்களை மண்ணுக்கடியில் கேபிளாக இறக்கிக்கொண்டே வருகிறார்கள். இன்னும் பத்து வருடத்தில் கேபிள் ஜாயின்ட் போடத் தெரிந்தவனுக்குத்தான் நல்ல கூலி. ஐடிஐ படிக்கும்போதே அதில் கண் வை.

மாமாவின் காண்டிராக்டரிடம் சேருவதற்கு முன் கேட்க வேண்டியது மூன்று: இஎஸ்ஐ உண்டா, பிஎஃப் பிடிப்பாரா, பெல்ட்டும் ஹெல்மெட்டும் ரப்பர் கையுறையும் அவர் தருவாரா. மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குகிறவர்களுக்கு இஎஸ்ஐ கேட்பது உரிமை, சலுகை இல்லை. உன் பங்கு நூற்றுக்கு முக்கால் ரூபாய்தான். 'முதலில் வேலையைப் பார், அப்புறம் பேசலாம்' என்று சொன்னால் மாமா மனம் கோணினாலும் வேறு ஆளைப் பார். நான் கேட்கவில்லை, அதற்குத்தான் இரண்டு விரலைக் கொடுத்தேன்.

கருவி வாங்க கே.ஆர்.மார்க்கெட் பக்கம் எஸ்.பி.ரோட்டுக்கு உன்னைக் கூட்டிப்போகிறேன். 1905இல் பெங்களூரில் தெருவிளக்கு மின்சாரத்தில் எரியத் தொடங்கியதும் அந்த மார்க்கெட் பக்கத்தில்தான். சிவனசமுத்திரத்தில் அருவி நீரில் எடுத்த கரண்ட் அது. அதற்கு மூன்று வருடம் முன்பே, 1902இல், அது கோலார் தங்கவயலுக்குப் போய்விட்டது. அங்கே சுரங்கத்தில் இறங்கியவர்களில் பெரும்பாலோர் வடாற்காட்டுத் தமிழர்கள். அந்த லைன் போய்ச் சேர்ந்த ஊரில் நாம் புதியவர்கள் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

ஐடிஐ சேர்க்கை ஜூன் வாக்கில் தொடங்கும். பதநீர் சீசனைப் பாதியில் விட்டுவிட்டு வர வேண்டாம், விண்ணப்பத்தை மட்டும் தவறவிடாதே. சீசன் முடிந்ததும் மைசூர் எக்ஸ்பிரஸில் ஏறு. பத்தாவது மார்க் ஷீட், ஆதார், சாதிச் சான்று, மூன்றும் அசலாகக் கையில் இருக்கட்டும். பெல்ட்டுக்கு உன் இடுப்பளவை முன்கூட்டியே சொல்லி அனுப்பு, உன் முதல் பெல்ட் என் செலவு.