வாசகர் கேள்வி: ஒரு நாள் பயணம், வாடகைக் கார், 6,000 ரூபாய்

கேள்வி: நாங்கள் தாம்பரத்தில் வசிக்கிறோம். கணவர், நான், 13 வயதிலும் 10 வயதிலும் இரண்டு பிள்ளைகள், முழங்கால் வலியுள்ள மாமியார் என ஐந்து பேர். ஒரே நாளில் காஞ்சிபுரத்தையும் மாமல்லபுரத்தையும் பார்த்துவிட்டுத் திரும்ப ஆசை. செலவு 6,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. ஓட்டுநருடன் வரும் காருக்குக் கிலோமீட்டருக்கு 14 ரூபாய், குறைந்தபட்சம் 250 கிலோமீட்டர், பேட்டா 500 ரூபாய் என்கிறார்கள். நாமே ஓட்டும் கார் என்றால் 24 மணி நேரத்துக்கு 2,400 ரூபாய், வீட்டில் கொண்டுவந்து விட்டுத் திரும்ப எடுத்துச்செல்ல 500 ரூபாய், பெட்ரோல் நம் பொறுப்பு. கணவர் எப்போதாவது நண்பரின் காரை ஓட்டுபவர். எதைத் தேர்ந்தெடுப்பது?
— ஒரு வாசகி, தாம்பரம்

பதில்: முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். தாம்பரத்திலிருந்து ஒரகடம், வாலாஜாபாத் வழியாகக் காஞ்சிபுரம், அங்கிருந்து செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம், பிறகு திருப்போரூர், கேளம்பாக்கம், வண்டலூர் வழியாக வீடு என்று சுற்றினால் ஏறத்தாழ 170 கிலோமீட்டர் ஆகும். ஆனால், 250 கிலோமீட்டருக்குக் குறையாமல் கட்டணம் என்று பேசியிருப்பதால், நீங்கள் 170 ஓடினாலும் 3,500 ரூபாயும் பேட்டாவுமாக 4,000 ரூபாய் கொடுத்தே ஆக வேண்டும். நாமே ஓட்டும் காருக்கு வாடகையும் கொண்டுவரும் கட்டணமும் சேர்ந்து 2,900 ரூபாய். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடும் வண்டி, லிட்டர் 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் பெட்ரோலுக்குச் சுமார் 1,150 ரூபாய். ஆகமொத்தம் 4,050 ரூபாய். மலிவு என்று நினைத்த வழியில் 50 ரூபாய் கூடுதலாகவே வருகிறது. இதற்கு மேல் முன்பணம் கட்ட வேண்டும். கீறல் விழுந்தால் அதற்கும் நீங்கள்தான் பொறுப்பு. பழக்கம் குறைந்த ஒருவர், தெரியாத வண்டியில், வயதானவரையும் பிள்ளைகளையும் அமர்த்திக்கொண்டு, இருட்டிய பிறகு கேளம்பாக்கம் சாலை நெரிசலில் ஓட்டித் திரும்புவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஓட்டுநருடன் வரும் காரையே எடுங்கள்.

அப்படி எடுக்கும்போது, பணம் கொடுத்த 250 கிலோமீட்டரை வீணாக்காதீர்கள். காஞ்சிபுரத்திலிருந்து நேராகச் செங்கல்பட்டுக்குப் போகாமல் உத்திரமேரூர் வழியாகப் போனால் மொத்தத் தூரம் 200 கிலோமீட்டரை ஒட்டித்தான் வரும்; கூடுதலாக ஒரு ரூபாயும் செலவாகாது. பள்ளிப் பாடத்தில் பிள்ளைகள் படிக்கும் குடவோலை முறையைச் சொல்லும் கல்வெட்டுகள் அங்குள்ள வைகுண்டப் பெருமாள் கோயில் சுவர்களில்தான் இருக்கின்றன. முதலாம் பராந்தகன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்டவை அவை. யார் போட்டியிடலாம், யார் கூடாது, வயது 35க்கு மேல் 70க்குள் இருக்க வேண்டும், ஓலைகளைக் குடத்தில் இட்டு ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்ய வேண்டும் என்று ஓர் ஊர் தனக்குத் தானே விதித்துக்கொண்ட ஒழுங்கைக் கல்லில் விரல் வைத்துக் காட்டும் வாய்ப்பைப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். என்னைக் கேட்டால், இந்தப் பயணத்தில் தவறவிடக் கூடாத இடம் இதுதான்.

அடுத்தது, வரிசை. காஞ்சிபுரத்துக் கோயில்கள் நண்பகலில் நடை சாத்தி மாலை 4 மணியளவில்தான் திறக்கும். மாமல்லபுரத்துச் சின்னங்களோ தொல்லியல் துறையின் பொறுப்பில் காலை 6 முதல் மாலை 6 வரை இடைவெளியின்றித் திறந்திருப்பவை. ஆகவே, கடற்கரையைக் காலையில் பார்த்துவிட்டு மதியம் காஞ்சிக்குப் போனால் மூடிய கதவுக்கு முன்னால் மூன்று மணி நேரம் வாடகைக் காரை நிறுத்திவைக்க நேரும். காலை 6 மணிக்குக் கிளம்பி, 7.30க்குக் கைலாசநாதர் கோயிலில் இருங்கள். இராசசிம்ம பல்லவன் 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுப்பிய மணற்கல் கோயில் அது. மாலையில் நீங்கள் பார்க்கப்போகும் கடற்கரைக் கோயிலும் அவன் காலத்ததே என்பதால், ஒரே அரசனின் இரண்டு கனவுகளை ஒரே நாளில் ஒப்பிட்டுப் பார்க்கலாம். சிற்றுண்டிக்குப் பிறகு ஏகாம்பரநாதர், வரதராசப் பெருமாள் ஆகிய இரண்டில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டுமே பரந்த வளாகங்கள், மாமியாரின் முழங்கால் தாங்காது. 10.30க்குப் புறப்பட்டால் நடை சாத்துவதற்குள் உத்திரமேரூர், மதியம் வழியில் நிழலான இடத்தில் கட்டுச்சோறு, 2.30 மணிக்கு மாமல்லபுரம். பட்டுக் கடைக்குள் நுழைந்தால் நேரமும் பணமும் கைமீறிவிடும். அதற்கு வேறொரு நாள் போங்கள்.

மாமல்லபுரத்தில் பெரியவர்களுக்கு 40 ரூபாய் நுழைவுச்சீட்டு. 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கட்டணம் இல்லை. ஐந்து இரதங்களில் வாங்கிய சீட்டே கடற்கரைக் கோயிலுக்கும் செல்லும் என்பதால், அதைக் கசக்கி எறிந்துவிடாதீர்கள். மூவருக்கு 120, வண்டி நிறுத்தக் கட்டணம் சுமார் 200, காலைச் சிற்றுண்டி 600, காபி, இளநீர் என்று 300 ரூபாய் போட்டாலும் மொத்தம் 5,220 ரூபாய்தான் ஆகிறது. மீதியைக் கைவசம் வைத்திருங்கள். ஒரகடம் வழியில் போவதால் திருப்பெரும்புதூர்ச் சுங்கச்சாவடியும் உங்கள் பாதையில் வராது.

பேசும்போது மூன்றைக் கேட்டுக் குறுஞ்செய்தியாக வாங்கிக்கொள்ளுங்கள். கிலோமீட்டர் உங்கள் வீட்டு வாசலிலிருந்து கணக்கா, அல்லது கார் நிறுத்தியிருக்கும் இடத்திலிருந்து கிளம்பி அங்கேயே திரும்பும் வரையிலான ‘ஷெட் டு ஷெட்’ கணக்கா? ஷெட் கிண்டியில் இருந்தால் போக வர 30 கிலோமீட்டர் கூடும். அப்போதும் 250க்குள் அடங்கிவிடும் என்றாலும், தெரிந்திருப்பது நல்லது. சொன்ன தொகையில் ஜிஎஸ்டி சேர்ந்திருக்கிறதா? இரவு எத்தனை மணிக்கு மேல் பேட்டா கூடும்? முகூர்த்த நாளாகப் பார்த்துத் தேதி வைத்துவிடாதீர்கள். அன்று கார் கிடைப்பதும் கடினம், காஞ்சியில் கூட்டமும் மிகுதி. ஓட்டுநருக்கும் சேர்த்துச் சோறு கட்டுங்கள்.

கேள்வி: தெரிந்தவர் ஒருவர் தம் சொந்தக் காரை நாளைக்கு 1,500 ரூபாய்க்குத் தருகிறேன் என்கிறார். எடுக்கலாமா?
— ஒரு வாசகர், செங்கல்பட்டு

பதில்: வேண்டாம். வெள்ளைப் பலகையில் கறுப்பு எழுத்துள்ள கார் சொந்த உபயோகத்துக்குப் பதிவானது. அதை வாடகைக்கு விடுவது சட்டப்படி தவறு. வழியில் விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டை மறுக்க அதுவே காரணமாகிவிடும். நாமே ஓட்டுவதற்கு வாடகைக்கு விடப்படும் கார்களுக்குக் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருக்கும்; அதைப் பார்த்து எடுங்கள். எடுக்கும்போது வண்டியைச் சுற்றி வந்து, அடிப்பகுதியும் சக்கரங்களும் தெரியும்படி, நிறுவனத்தின் ஆள் அருகில் இருக்கும்போதே கைப்பேசியில் காணொளி எடுத்துக்கொள்ளுங்கள். ஒருமுறை பின்பக்க பம்பரில் முன்பே இருந்த கீறலுக்காக என் முன்பணத்தில் 2,000 ரூபாயைப் பிடித்துக்கொண்டார்கள். என்னிடம் படம் இல்லாததால் பேச முடியவில்லை. பெட்ரோல் அளவுமானியையும் ஓடிய கிலோமீட்டரையும் எடுக்கும்போதும் திருப்பிக் கொடுக்கும்போதும் படம் பிடியுங்கள். முன்பணம் எத்தனை நாளில் திரும்பும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொண்ட பிறகே சாவியை வாங்குங்கள்.