குண்டின் எடையும் பிபி மாத்திரையும்: உலக மூத்தோர் தடகளத்துக்கு முதன்முறை போகிறவருக்கு

கேள்வி: 2026 ஆகஸ்ட் 25 அன்று எனக்கு 60 வயது நிறைகிறது. மாநில மூத்தோர் போட்டிகளில் குண்டும் ஈட்டியும் எறிகிறேன். தென் கொரியாவின் தேகுவில் நடக்கும் உலகப் போட்டிக்காக 5 கிலோ குண்டில் பயிற்சி எடுக்கிறேன். பிபிக்கு தினமும் ஒரு மாத்திரை உண்டு. வேறு என்ன கவனிக்க வேண்டும்?

பதில்: முதலில் அந்த 5 கிலோ குண்டை மாற்றுங்கள். போட்டி தொடங்கும் நாளில் என்ன வயதோ, அதுதான் உங்கள் பிரிவு. தேகுவில் ஆகஸ்ட் 22-ல் தொடக்கம். அன்று உங்களுக்கு 59. உங்கள் எறிதல் செப்டம்பரில் வந்தாலும் 55–59 பிரிவுதான். அதற்குக் குண்டு 6 கிலோ, ஈட்டி 700 கிராம். 5 கிலோவும் 600 கிராமும் 60 முதல் 69 வரை உள்ள ஆண்களுக்கு.

எடை கூடும்போது பெரும்பாலும் முழங்கைதான் கீழே இறங்கும். இறங்கினால் குண்டைத் தள்ளுவதற்குப் பதில் பந்துபோல வீசத் தொடங்குவீர்கள். தோள்பட்டையும் முழங்கையும் வலிப்பது அதனால்தான். குண்டு விரல்களின் அடிப்பகுதியில் உட்கார வேண்டும், உள்ளங்கைக்குச் சரியக் கூடாது. முதல் மூன்று வாரம் வாரத்துக்கு இரண்டு நாள், நின்ற இடத்திலிருந்து 15 எறிகள் போதும். அதன் பிறகே சறுக்கு நகர்வு, அதாவது வட்டத்துக்குள் பின்னாலிருந்து சறுக்கி வந்து தள்ளுவது.

அடுத்தது மாத்திரை. பலர் இதை நினைத்தே பார்ப்பதில்லை. இந்தப் போட்டிகளிலும் ஊக்கமருந்து சோதனை உண்டு. அட்டையைத் திருப்பி, உள்ளே இருக்கும் மருந்தின் பெயரைப் படியுங்கள். டெல்மிசார்டன், அம்லோடிபின் இரண்டுக்கும் தடை இல்லை. அட்டெனலால் போன்றவையும் தடகளத்தில் பிரச்சினை இல்லை. ஆனால் பெயருக்குப் பின்னால் ‘எச்’ என்று வந்தால் பெரும்பாலும் ஹைட்ரோகுளோரோதயசைடு சேர்ந்திருக்கும். குளோர்தாலிடோனும் அதே வகை. சிறுநீரைப் பெருக்கும் இவை மற்ற மருந்துகளின் தடயத்தை மறைக்கக்கூடும் என்பதால் எப்போதும் தடை. நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள், அது ஆபத்து. மருத்துவரிடம் மாற்று கேளுங்கள். மாற்ற முடியாது என்றால் மருத்துவ விலக்குக்கு, அதாவது சிகிச்சைக்காக அதே மருந்தை எடுக்கும் அனுமதிக்கு, போட்டிக்குக் குறைந்தது 30 நாள் முன்பே, பரிசோதனை அறிக்கைகளோடு விண்ணப்பிக்க வேண்டும். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடலாம்; இன்சுலின் போடுபவருக்கு விலக்கு அவசியம்.

தகுதித் தூரம் எதுவும் கிடையாது. 35 வயது ஆனவர் யாரும் பதிவு செய்யலாம், ஆனால் நாட்டின் உறுப்பு அமைப்பு வழியாக. உலக மூத்தோர் தடகள அமைப்பு ஒரு நாட்டுக்கு ஒரே உறுப்பைத்தான் ஏற்கிறது. பணம் கட்டும் முன் அதன் உறுப்பினர் பட்டியலில் பெயரைச் சரிபாருங்கள். பல விளையாட்டுகள் சேர்ந்த ‘உலக மாஸ்டர்ஸ் கேம்ஸ்’ வேறு, இது வேறு, குழப்பிக்கொள்பவர்கள் நிறைய. நாட்டின் சீருடையையும் அந்த அமைப்பிடமே கேட்டு வாங்குங்கள்.

ஈட்டியைச் சுமந்துபோக வேண்டாம். 700 கிராம் ஈட்டி 2.3 மீட்டர் நீளம். விமானத்தில் கூடுதல் கட்டணமும் தலைவலியும்தான். மைதானத்தில் கருவிகள் இருக்கும். சொந்தக் குண்டுதான் வேண்டும் என்றால் கிளம்பும் முன் நல்ல தராசில் நிறுத்துப் பாருங்கள். பெயின்ட் உதிர்ந்து, துரு தேய்ந்து சில கிராம் குறைந்திருந்தாலும் சோதனையில் நிராகரித்துவிடுவார்கள். ஷூவின் ஆணிகள் குண்டுக்கு 9 மி.மீ., ஈட்டிக்கு 12 மி.மீ. மிகக்கூடாது.

எல்லோருக்கும் மூன்று எறிகள். முதல் எட்டுப் பேருக்கு மேலும் மூன்று. ஆகவே முதல் எறியைத் தவறு இல்லாமல், அளவான வேகத்தில் போட்டு ஒரு தூரத்தைப் பதிவு செய்துவிடுங்கள். முழு பலம் இரண்டாவதிலிருந்து.