சிரிப்புப் பாட்டுக் கேள்விகள்: ரேடியோ செட்டுக்காரர் பதில்கள்

காவேரிப்பட்டணத்தில் எங்கள் குடும்பத் தொழில் ரேடியோ செட். கல்யாணம், காது குத்து, மாரியம்மன் பண்டிகை என்று எது நடந்தாலும் குழாய் கட்டி இசைத்தட்டு போட்டவர்கள் நாங்கள். பழைய நகைச்சுவைப் பாட்டுகளைப் பற்றி எது வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களிலிருந்தும் கேள்விகள் வந்து குவிந்துவிட்டன. ஒரே மாதிரி கேள்விகளைச் சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

கேள்வி (பாலக்கோடு): அண்ணா, சாப்பாட்டுப் பந்தி ஆரம்பித்ததும் 'கல்யாண சமையல் சாதம்' போடுவீர்களே, அது யார் பாடியது? ரங்காராவே பாடினாரா?

இல்லைங்க. 1957-ல் வந்த 'மாயாபஜார்' படத்தில் கடோத்கஜனாக நடித்தவர் எஸ்.வி. ரங்காராவ். தமிழில் அவருக்குக் குரல் கொடுத்தவர் திருச்சி லோகநாதன். தெலுங்கில் மாதவபெத்தி சத்தியம் பாடினார். ஓசூர், தேன்கனிக்கோட்டை பக்கம் தெலுங்கு பேசும் வீட்டுக் கல்யாணங்களில் இரண்டையும் போடச் சொல்வார்கள். பெண் வீட்டார் ஒன்று, மாப்பிள்ளை வீட்டார் ஒன்று. எது முதலில் என்று சண்டையே வரும்.

அந்தப் பாட்டில் 'ஹஹ்ஹஹ்ஹா' என்று வரும் சிரிப்பை அடுத்த முறை தாளம் போட்டுக்கொண்டே கேளுங்கள். சிரிப்பு தாளத்தை விட்டு ஒரு இழை கூட விலகாது. மூச்சு முட்டச் சிரிப்பது போலவும் இருக்கும், அடுத்த வரியைச் சரியான இடத்தில் எடுக்கவும் செய்வார். இதே லோகநாதன்தான் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் 1950-ல் எடுத்த 'மந்திரி குமாரி'யில், மனைவியை மலை உச்சிக்கு அழைத்துப் போய்த் தள்ளிவிடப் பார்க்கும் கணவனுக்காக 'வாராய் நீ வாராய்' பாடியவர். அதில் கொஞ்சலுக்குள் கொலை ஒளிந்திருக்கும், இதில் குரல் முழுக்கப் பசி. நல்ல பாடகனுக்குத்தான் நகைச்சுவைப் பாட்டு கைகூடும் என்று நான் எப்போதும் சொல்வதற்கு இந்த ஆள் ஒருவர் போதும்.

சிரிப்பையே பாட்டாக்கும் வித்தை 'மாயாபஜார்' படத்தோடு பிறந்ததல்ல. அமெரிக்காவில் ஜார்ஜ் டபிள்யூ. ஜான்சன் என்ற கறுப்பினப் பாடகர் 1890-களிலேயே சிரிப்புப் பாட்டு ஒன்றைப் பதிவு செய்து பெரும் பேர் வாங்கினார். 1920-களில் சார்லஸ் பென்ரோஸ் என்ற ஆங்கிலேயர் சிரிக்கும் போலீஸ்காரரைப் பற்றி ஒரு இசைத்தட்டு போட்டார். இந்த வகைத் தட்டுகள் நம் நாடகக்காரர்கள் காதிலும் விழுந்தன.

கேள்வி (தருமபுரி): சந்திரபாபு பாட்டில் நடுவில் 'யோட்லி யோட்லி' என்று ஒரு சத்தம் வருமே, அது என்ன? என் பேரன் கேட்கிறான்.

அதன் பெயர் யோடலிங். ஆல்ப்ஸ் மலைப் பக்கத்து மேய்ப்பர்கள் ஒரு மலையிலிருந்து இன்னொரு மலைக்குக் கூப்பிட்ட முறை. பிற்பாடு அமெரிக்க நாட்டுப்புறப் பாடகர்கள் அதைத் தட்டுகளில் பரப்பினார்கள். நெஞ்சிலிருந்து வரும் குரலிலிருந்து மெல்லிய பொய்க்குரலுக்கு வெடுக்கென்று தாவ வேண்டும், அதே வேகத்தில் திரும்பி வர வேண்டும். மற்ற பாட்டில் குரல் உடைந்தால் குறை. இதில் அந்த உடைசலே அழகு. பேரனை முயலச் சொல்லுங்கள். பத்து நிமிடத்தில் வீட்டில் எல்லோரும் சிரிப்பார்கள், அவனைப் பார்த்துத்தான்.

ஜே.பி. சந்திரபாபு 1927-ல் தூத்துக்குடியில் பிறந்தவர். சிறு வயதில் கொழும்பில் வளர்ந்தவர். அங்கே மேல்நாட்டு இசை காதில் விழ வழி அதிகம். 1954-ல் வந்த 'பெண்' படத்தில் 'கல்யாணம்' என்று தொடங்கும் பாட்டைத் தேடிக் கேளுங்கள். திரையில் வாயசைப்பவர் வீணை எஸ். பாலசந்தர், குரல் சந்திரபாபு. வீணை வித்வானுக்கு நகைச்சுவை நடிகர் பின்னணி பாடிய விசித்திரம் நம் சினிமாவில் நடந்திருக்கிறது.

அவர் பாட்டுகளில் எனக்கு முதலிடம் 1959-ல் வந்த 'சகோதரி'யின் 'நானொரு முட்டாளுங்க'. அந்தப் படம் எடுத்து முடித்த பிறகு, கலகலப்பு போதவில்லை என்று சந்திரபாபுவைப் பால்காரராகப் போட்டு ஒரு நகைச்சுவைப் பகுதியைத் தனியாக எடுத்துச் சேர்த்தார்கள். பாட்டு கண்ணதாசன், இசை ஆர். சுதர்சனம். பின்னால் ஒட்டிய துண்டுதான் இன்றைக்கும் நிற்கிறது. கேட்டுப் பாருங்கள், அந்தப் பாட்டில் அவர் ஒரு இடத்திலும் கோமாளிக் குரல் வைக்கவில்லை. தன்னை முட்டாள் என்று சொல்லிக்கொள்வதை நேராக, சுருதி சுத்தமாகப் பாடுகிறார். அதனால்தான் சிரிப்பு முடிந்த பிறகும் ஏதோ ஒன்று உறுத்துகிறது.

கேள்வி (ஊத்தங்கரை): 'சீட்டுக்கட்டு ராஜா' பாட்டு நாகேஷே பாடியதுதானே? வீட்டில் பந்தயம் கட்டியிருக்கிறோம்.

தோற்றுவிட்டீர்கள். பாடியவர்கள் ஏ.எல். ராகவனும் எல்.ஆர். ஈஸ்வரியும். படம் 'வேட்டைக்காரன்', 1964. 'எங்கிருந்தாலும் வாழ்க' என்று நம்மை அழ வைத்த அதே ராகவன்.

கேள்வி (பென்னாகரம்): ஐயா, எங்கள் ஊர்க் கூத்தில் கட்டியக்காரன் செய்வதைத்தானே கலைவாணர் சினிமாவில் செய்தார்? இவர்களை ஏன் யாரும் சேர்த்துப் பேசுவதில்லை?

நல்ல கேள்வி. கூத்து பார்த்து வளர்ந்தவருக்குத்தான் இது தோன்றும். ராஜா வேஷம் கட்டியவர் கிரீடம் ஆட விருத்தம் பாடிக்கொண்டிருப்பார். கட்டியக்காரன் குறுக்கே புகுந்து, 'அதெல்லாம் சரி சாமி, ஊரில் மழை இல்லையே' என்பான். கூட்டம் கொல்லென்று சிரிக்கும். ராஜா கதைக்குள் இருப்பார், கட்டியக்காரன் மட்டும் நம் பக்கம் நின்று பேசுவான்.

கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் கூத்திலிருந்து வந்தவர் அல்ல. நாகர்கோவில்காரர், வில்லுப்பாட்டும் நாடகக் கம்பெனியும் அவரை வளர்த்தன. ஆனால் வேலை அதே வேலைதான். 1949-ல் வந்த 'நல்லதம்பி'யில் 'கிந்தனார்' கதாகாலட்சேபத்தை, அதாவது பாட்டும் பேச்சுமாகக் கதை சொல்வதை, எடுத்துக்கொள்ளுங்கள். நந்தனார் சரித்திரம் ஊரெல்லாம் காலட்சேபமாக நடந்த காலம். அந்த வடிவத்தை அப்படியே எடுத்துக்கொண்டு, சிதம்பரம் போக ஆசைப்பட்ட நந்தனுக்குப் பதிலாகப் படிக்க ஆசைப்பட்ட கிந்தனை வைத்தார். காலட்சேபம் செய்பவரின் நெளிவு, இழுப்பு, பின்பாட்டு எல்லாம் இருக்கும். எதையும் கொச்சைப்படுத்தியிருக்க மாட்டார். காலட்சேபம் தெரிந்தவர் இரண்டு மடங்கு ரசிப்பார், தெரியாதவருக்கும் கதை போய்ச் சேரும்.

1952-ல் 'பணம்' படத்தை அவரே இயக்கினார். விஸ்வநாதனும் ராமமூர்த்தியும் சேர்ந்து இசையமைத்த முதல் படம் அது. அதில் 'எங்கே தேடுவேன்' பாட்டு. காணாமல் போன காதலியைத் தேடுகிற உருக்கம் அத்தனையும் பாட்டில் இருக்கும். தேடுவதோ பணத்தை. கறுப்புச் சந்தையில் போய்விட்டாயா, உண்டியலில் விழுந்தாயா, தேர்தலில் கரைந்தாயா, கிண்டி குதிரைப் பந்தயத்தில் சுற்றுகிறாயா என்று கேட்டுக்கொண்டே போவார். இந்தப் பாட்டில் இன்றைக்கு மாற்ற வேண்டிய வரி எது என்று யோசித்தேன். ஒன்றும் அகப்படவில்லை.

கேள்வி (கிருஷ்ணகிரி): அலுவலகத்தில் ஒருவருக்குப் பணி ஓய்வு விழா. மேடையில் பாட ஒரு நகைச்சுவைப் பாட்டு சொல்லுங்கள் சார்.

'முதல் தேதி' படத்தில் கலைவாணர் பாட்டு: 'ஒண்ணிலேருந்து இருபது வரைக்கும் கொண்டாட்டம்'. மிச்சம் பத்து நாள் என்ன ஆகும் என்பது சம்பளக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வந்த வருடம் 1955. மேலதிகாரியும் சேர்ந்து கை தட்டுவார், அவருக்கும் அதே கதைதான்.

கேள்வி (காரிமங்கலம்): 'எலந்தப் பழம்' பாட்டைச் சிறுவயதில் பாடி அடி வாங்கினேன். அது அவ்வளவு மோசமான பாட்டா அண்ணா?

அடித்தவர்கள் வீட்டிலும் அந்தத் தட்டு இருந்திருக்கும். 1968, 'பணமா பாசமா', கே.வி. மகாதேவன் இசை, எல்.ஆர். ஈஸ்வரி குரல். எங்களிடம் கேட்டு வாங்கிய பாட்டுகளில் அதற்கு இணை இல்லை. ஊர்ப் பெரியவர் வந்து 'அதைப் போடாதேப்பா' என்பார். அவர் தெரு முனை திரும்பியதும் இளவட்டங்கள் வந்து நிற்கும். பள்ளிக்கூட வாசலில் எலந்த வடை விற்கிற நம் ஊரில் அந்தப் பாட்டு ஓடாமல் எங்கே ஓடும்?

இரட்டை அர்த்தம் உண்டு, மறைக்க வேண்டாம். பழைய பாட்டெல்லாம் பரிசுத்தம் என்று பேசுவது எனக்கு ஒத்துவராது. கறுப்பு நிறத்தை, குண்டான உடம்பை, பெண்டாட்டியை அடிப்பதைக் கிண்டல் செய்து வந்த பாட்டுகளும் அதே பெட்டியில் இருந்தன. அவற்றை நான் இப்போது போடுவதில்லை. ஆனால் ஈஸ்வரியின் அந்தக் கூவலில் சந்தைக்காரியின் அதிகாரம் இருக்கிறது. விற்பவள் அவள், விலை சொல்பவளும் அவள்.

கேள்வி (மத்தூர்): மனோரமா ஆச்சி சொந்தக் குரலில் பாடியிருக்கிறாரா?

ஓ, நிறைய. 1968-ல் 'பொம்மலாட்டம்' படத்தில் வி. குமார் இசையில் 'வா வாத்யாரே வூட்டாண்டே'. மன்னார்குடியில் பிறந்து பள்ளத்தூரில் வளர்ந்தவர் மெட்ராஸ் பாஷையை அப்படிப் பேசிப் பாடியது கேட்டு, அவர் வண்ணாரப்பேட்டைக்காரர் என்றே இங்கே பல பேர் நம்பினார்கள். அவர் கதாநாயகியாக நடித்த 'கொஞ்சும் குமரி'யும் நம் பக்கத்து சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்ததுதான், 1963-ல்.

இதற்கு நேர் எதிர் 'முத்துக் குளிக்க வாரீகளா'. 'அனுபவி ராஜா அனுபவி', 1967. திரையில் நாகேஷும் மனோரமாவும், குரல் டி.எம். சௌந்தரராஜனும் ஈஸ்வரியும். சிவாஜிக்கும் எம்.ஜி.ஆருக்கும் பாடிய கனத்த குரலை டி.எம்.எஸ். அந்தப் பாட்டில் எப்படி இளைக்க வைத்தார் பாருங்கள். நாகேஷின் உடம்புக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை அது.

கேள்வி (ஓசூர்): இந்தப் பாட்டுகளை எல்லாம் நம் பக்கம் எப்படிக் கேட்டார்கள்? டூரிங் கொட்டகையில் மட்டும்தானா?

கொட்டகை, ரேடியோ செட், அப்புறம் இலங்கை வானொலி. 1952-ல் பி.வி. கேஸ்கர் அமைச்சராக வந்து அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டை ஒதுக்கிவிட்டார். ஜனங்கள் ரேடியோப் பெட்டியின் முள்ளைக் கொழும்பு பக்கம் திருப்பினார்கள். 1957-ல் விவித் பாரதி வந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. காலையில் இலங்கை வானொலியின் 'பொங்கும் பூம்புனல்' நிகழ்ச்சியைக் கேட்டுவிட்டு வயலுக்குப் போனவர்கள் இங்கே உண்டு.

சினிமாவில் வராத வேடிக்கைப் பாட்டுகளும் அந்த வழியாகவே வந்தன. சிலோன் மனோகரின் 'சுராங்கனி' அப்படிப்பட்டது. இலங்கையின் பைலா தாளம், கேட்டால் கால் சும்மா இருக்காது. பாதி வரிக்கு அர்த்தம் தெரியாமலே எங்கள் தெருவே பாடியது. 1977-ல் 'அவர் எனக்கே சொந்தம்' படத்தில் இளையராஜா இசையில் மலேசியா வாசுதேவன் பாடி அது சினிமாவுக்குள்ளும் வந்தது.

கேள்வி (அரூர்): தாத்தா வைத்திருந்த அரக்குத் தட்டுகள் பரணில் கிடைத்தன. பூஞ்சை பிடித்திருக்கிறது. ஸ்பிரிட் போட்டுத் துடைக்கலாமா?

ஐயோ, வேண்டாம். நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றும் பழைய தட்டு அரக்கில் செய்தது, ஸ்பிரிட் பட்டால் அரக்கு கரைந்து பாட்டே போய்விடும். காய்ச்சி வடித்த தண்ணீரில் ஒரு சொட்டு மென்மையான சோப்பு விட்டு, மெத்தென்ற துணியைப் பிழிந்து, ஊசி ஓடும் பள்ளக்கோடு போகும் திசையிலேயே வட்டமாகத் துடையுங்கள். நடுவில் இருக்கும் காகிதத்தை நனைக்காதீர்கள். நிழலில் உலர்த்துங்கள். வெயில் பட்டால் வளையும். ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்காமல் நிற்க வைத்து அடுக்குங்கள்.

இப்போது வருகிற பிளேயரில் இருக்கும் ஊசி எல்.பி. எனும் நெடுநேரம் ஓடும் பிளாஸ்டிக் தட்டுக்கானது. 78-க்கு அகலமான ஊசி தனியாக வாங்க வேண்டும். ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம் சொச்சம்தான் ஓடும். நீளமான பாட்டென்றால் பாதியில் நின்றுவிடும், தட்டு கெட்டுவிட்டது என்று நினைக்காதீர்கள், திருப்பிப் போடுங்கள்.

கேள்வி (பாப்பிரெட்டிப்பட்டி): சந்திரபாபுவா, நாகேஷா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள் மாமா.

பாட்டு என்றால் சந்திரபாபு. நாகேஷுக்குப் பெரும்பாலும் மற்றவர்கள் பாடினார்கள், சந்திரபாபு தானே பாடி, தானே ஆடி, விழுந்து எழுந்தார். நடிப்பு என்றால் அது வேறு பஞ்சாயத்து. காவேரிப்பட்டணம் வாங்க, டீ சொல்லிவிட்டு உட்கார்ந்து சண்டை போடலாம்.